புண்ணைக் கழுவிய கைகள்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நன்றிக் கூட்டத்தில், புனித வின்சென்ட் தே பவுல் சபையின் செயலாளர் ஆற்றிய உரை)



ஓலைக் கொட்டகையில் தொடங்கிய நமது ஆலயம் இன்று கோபுரத்துடன் நிமிர்ந்து நிற்கும் வரலாற்றை எனக்கு முன் பேசியவர்கள் அழகாக எடுத்துரைத்தார்கள். கல் சுமந்தவர்களையும், பொருள் தந்தவர்களையும், மறைக்கல்வி கற்பித்த உபதேசியாரையும், பாடகர் குழுவை வளர்த்தவர்களையும் நன்றியோடு நினைத்தோம். அது முறையே. ஆயினும் இந்த ஐம்பது ஆண்டுகளில் நம்மிடையே வாழ்ந்த ஒருவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவரைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி பங்குத் தந்தை என்னைப் பணித்தார்.

அவர் ஒரு செவிலியர். துறவற சபையைச் சேர்ந்தவர் அல்லர். கணவரும் பிள்ளைகளும் உள்ள குடும்பப் பெண்மணி. நாம் அவரைச் "சிஸ்டர்" என்றோம். வடசென்னைத் தெருக்களில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் "நர்ஸம்மா" என்றார்கள். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம், தம்மிடம் வந்தவர்களின் பெயரையும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பது அவர் பிள்ளைகளிடம் சொல்லிச் சென்ற விருப்பம். ஆதலால் இந்த உரையில் பெயர்களை எதிர்பார்க்காதீர்கள். இங்கு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு யாரைக் குறிப்பிடுகிறேன் என்பது இதற்குள் விளங்கியிருக்கும்.

அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து, 2006-இல் அவர் ஓய்வு பெற்றார். பென்ஷன் வந்தது, பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். காலைத் திருப்பலியும் மாலை ஜெபமாலையுமாக அவர் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ, ஊசி மூலம் போதை மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்காக வடசென்னையில் நடந்துவந்த ஒரு சிறிய மையத்தில் போய்ச் சேர்ந்தார். உறவினர் சிலர் முகம் சுளித்தனர். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பார்க்காத அசிங்கமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுநாளும் புறப்பட்டார்.

அவர் செய்த பணி என்ன என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1980-களில் "பிரவுன் சுகர்" என்ற மட்ட ரக ஹெராயின் சென்னைக்குள் புகுந்தது. முதலில் அதைப் புகையாக இழுத்தார்கள். நாளடைவில் பலர் ஊசிக்கு மாறினார்கள். புப்ரெனார்பின் என்னும் வலி நிவாரண மருந்தை, வேறு மருந்துகளோடு கலந்து நரம்பில் ஏற்றும் பழக்கமும் பரவியது. ஒரே ஊசியை நால்வர் ஐவர் பகிர்ந்துகொண்டனர். புது ஊசி வாங்கக் காசு இல்லை. காசு இருந்தாலும் கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தர மறுத்தார். சட்டைப் பையில் ஊசி இருந்தால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் வேறு.

இதே சென்னையில்தான் 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கிருமி ஒரு ஊசியில் ஏறிவிட்டால், அந்த ஊசி போகும் இடமெல்லாம் போகும். கல்லீரலை அரிக்கும் ஹெப்படைடிஸ் 'சி' கிருமியோ அதைவிட எளிதாகப் பரவும். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் சென்னையில் ஊசி போட்டுக்கொள்வோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு ஹெப்படைடிஸ் 'சி' இருந்தது. நமது நர்ஸம்மா அந்த மையத்தின் படியில் கால் வைத்தது இந்த வேளையில்தான்.

அங்கே அவர் செய்த வேலைக்குத் "தீங்கு குறைப்பு" என்று பெயர். போதையை இன்றே விட முடியாதவன் அதை விடுகிற நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும். அவனால் அவன் மனைவிக்கும், பிறக்கப்போகும் குழந்தைக்கும் நோய் போய்ச் சேரக்கூடாது. இதுவே அதன் கருத்து. பழைய ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தால் புது ஊசி கொடுப்பார்கள். பழைய ஊசி கெட்டியான டப்பாவில் போடப்பட்டு முறைப்படி அழிக்கப்படும். தெருவில் கிடந்து குழந்தைகள் காலில் குத்தாது.

இது நம் ஊரில் முளைத்த எண்ணம் அன்று. 1984-இல் ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாமில், மஞ்சள் காமாலைக் கிருமிக்கு அஞ்சி ஊசி மாற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1980-களின் தொடக்கத்தில் ஊசி கிடைப்பதே அரிதாயிற்று. கையில் இருந்ததைப் பலர் பகிர்ந்தார்கள். அங்கே ஒரு பகுதியில் மருத்துவர்கள் பரிசோதித்துப் பார்த்து 1986-இல் வெளியிட்ட அறிக்கையில், ஊசி போட்டுக்கொள்வோரில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்தது. ஊசியைத் தடுத்தால் போதை நின்றுவிடும் என்று எண்ணியவர்களுக்கு அது பெரும் பாடம்.

நிற்க. நர்ஸம்மாவின் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு மையத்தைத் திறப்பார்கள். வாசலில் ஏற்கெனவே நான்கைந்து பேர் குந்தியிருப்பார்கள். நரம்பு கெட்டுப்போய், கையிலும் காலிலும் தொடையிலும் சீழ் வைத்த புண்கள். பல நாள் குளிக்காத உடம்பு. "வாப்பா, உட்காரு, சாப்பிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. "இன்னும் விடலையா?" என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சலைன் நீரால் புண்ணைக் கழுவுவார். ஒட்டிப்போன பழைய துணியைப் பிய்த்து எடுக்கமாட்டார், நனைத்து நனைத்து அது தானாக விடும் வரை காத்திருப்பார். மருந்து வைத்துக் கட்டுவார். கட்டும்போதே பேச்சுக் கொடுப்பார். கழுத்திலும் தொடை இடுக்கிலும் குத்தாதே, உயிர் போகும். பஞ்சையும் தண்ணீரையும்கூடப் பகிராதே, கிருமி அதிலும் இருக்கும். இரண்டு வாரமாக இருமுகிறாயே, சளியைப் பரிசோதிக்க வா. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்வார்.

2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. ஆனால் மருந்து தாம்பரத்தில் இருந்தால் போதுமா? இவர்கள் அங்கே போகவேண்டுமே! நர்ஸம்மா இரண்டு பேர், மூன்று பேராகக் கூட்டிக்கொண்டு பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுவார். சானடோரியம் நிலையத்தில் இறங்கி, வரிசையில் நின்று, சீட்டுப் போட்டு, மாத்திரை வாங்கும் வரை கூடவே இருப்பார். வரிசை நீண்டால் இவர்களுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். எழுந்து ஓடப் பார்ப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அவர் கதை பேசுவார். அறுபது வயதுக்கு மேல் இதைச் செய்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2007-இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மாற்று மருந்துச் சிகிச்சையையும் அரசு சேர்த்துக்கொண்டது. எந்தப் புப்ரெனார்பினை ஊசியில் ஏற்றி இவர்கள் அழிந்தார்களோ, அதே மருந்தை மாத்திரையாக்கி, மருத்துவர் சொன்ன அளவில், நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கச் செய்வது அந்தச் சிகிச்சை. செவிலியரின் கண் முன்னேயே கரையவேண்டும். விழுங்கினால் பயன் இல்லை. வெளியே கொண்டுபோய் விற்றுவிட்டால் தீமை. அந்தச் சில நிமிடங்கள் நர்ஸம்மா எதிரில் அமர்ந்திருப்பார். மாத்திரை கரைந்தவன் நடுக்கம் தீர்ந்து எழுந்து வேலைக்குப் போவான். மீன் ஏலக் கூடத்திலும் லாரி ஷெட்டிலும் அப்படி வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இந்த மருந்தை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இனி, நம் பங்கோடு சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். விழா மேடையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நன்றி சொல்லும்போது உண்மையையும் சொல்வதே நமக்கு அழகு.

ஓர் ஆண்டு, வாரத்தில் ஒரு நாள் நம் பங்கு வளாகத்தில் இவர்களுக்கு இடம் தரும்படி அவர் பேரவையில் கேட்டார். கூட்டத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. "ஊசி கொடுப்பது பாவத்துக்குத் துணை போவதல்லவா? திருடனுக்கு ஏணி எடுத்துக் கொடுப்பதல்லவா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரையும்விடக் கடுமையாகப் பேசியவர் ஒரு தாய். அவருடைய ஒரே மகன் இந்தப் பழக்கத்தால் இறந்திருந்தான். "என் பிள்ளையைக் கொன்றதே அந்த ஊசிதான். அதை நீங்களே கையில் எடுத்துக் கொடுப்பீர்களா?" என்று அவர் அழுதுகொண்டே கேட்டபோது அறை அமைதியாகிவிட்டது.

நர்ஸம்மா அந்தத் தாய்க்குப் பதில் சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்து இப்படிச் சொன்னார்: "ஊசி நல்லது என்று நான் சொல்லவில்லை. அவன் எப்படியும் குத்திக்கொள்ளப் போகிறான். அழுக்கு ஊசியால் குத்தினால் நாளைக்கு அவனும் சாவான், அவன் பெண்டாட்டியும் சாவாள். உயிரோடு இருக்கிறவனைத்தான் சாமியார் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட முடியும்." கூட்டம் முடிந்ததும் அந்தத் தாயைத் தனியே போகவிடாமல் வீடு வரை உடன் நடந்து சென்றார்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் எழுந்ததன்று, திருச்சபையிலேயே எழுந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறரன்புச் சகோதரிகள் 1857-இல் தொடங்கிய புனித வின்சென்ட் மருத்துவமனை புகழ்பெற்றது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கென அந்நாட்டின் முதல் வார்டை 1984-இல் திறந்ததும் அதுவே. 1999-இல், போதை ஊசி போடுவோரை மருத்துவக் கண்காணிப்பில் வைக்கும் ஓர் இடத்தைச் சோதனையாக நடத்த அந்தச் சகோதரிகள் முன்வந்தார்கள். தீமையோடு ஒத்துழைப்பதாகிவிடும் என்று உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கருதி, அதிலிருந்து விலகச் சொன்னது. சகோதரிகள் கீழ்ப்படிந்தார்கள். பிறகு வேறொரு கிறிஸ்தவ சபையினர் 2001-இல் அதைத் திறந்தார்கள். அந்தச் சகோதரிகளின் இரக்கத்தையும் நாம் மதிக்கிறோம். அவர்களின் கீழ்ப்படிதலையும் மதிக்கிறோம். நல்ல மனமுள்ளவர்களும் இதில் வேறுபட்டு நின்றார்கள் என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

நம் பங்கில் அப்போதிருந்த பங்குத் தந்தை இரு தரப்பையும் கேட்டுவிட்டு ஒரு முடிவு சொன்னார். பங்கு வளாகத்தில் ஊசி கொடுக்க வேண்டாம். அது மையத்தோடு இருக்கட்டும். ஆனால் புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. கல்லறைத் தோட்டத்துச் சாமான் அறையை ஒழித்துச் சனிக்கிழமை தோறும் கொடுப்போம் என்றார். நர்ஸம்மா மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையே துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

அந்தத் தாய் கடைசி வரை ஊசி விஷயத்தில் மனம் மாறவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து, துவைத்து வெயிலில் காயவைத்த பழைய வெள்ளை வேட்டிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அந்த அறைக்கு வந்தார். அவை மகனுடைய வேட்டிகள். "ஊசி கொடுக்கிறது தப்புதான். புண்ணுக்குத் துணி கொடுக்கிறதில் தப்பில்லை" என்றார். நர்ஸம்மா இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். அன்றுமுதல் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து துணி கிழித்தார்கள். ஊசியைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை. இந்தப் பங்கில் நான் கண்ட ஒற்றுமைகளில் இதைவிடச் சிறந்தது வேறில்லை என்று கூறின் மிகையாகாது.

மற்றொரு நிகழ்ச்சி. அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் வந்துகொண்டிருந்த ஒருவர் எய்ட்ஸ் முற்றி இறந்துபோனார். ஞானஸ்நானம் பெற்றவர்; பல ஆண்டுகள் கோவில் பக்கம் வராதவர். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நர்ஸம்மா குருவானவரை அழைத்து நோயில்பூசுதல் கொடுக்கச் செய்திருந்தார். உடலைக் குளிப்பாட்ட யாரும் வரவில்லை, அஞ்சினார்கள். நர்ஸம்மா கையுறை அணிந்து, தாமே குளிப்பாட்டி, வேட்டி சட்டை உடுத்தி, கையில் ஜெபமாலை வைத்தார். "உயிரோடு இருந்தபோது தொட்டேன், இப்போது தொடுவதற்கு என்ன?" என்றார். பெட்டியைத் தூக்கியவர்கள் நம் சபை உறுப்பினர் நால்வர். பின்னால் நடந்தவர்கள் அவரோடு தெருவில் படுத்துறங்கிய ஆறு பேர். அவர்களில் ஒருவர் இன்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், எச்.ஐ.வி. மருந்தை ஒரு நாளும் தவறவிடாமல் சாப்பிட்டு, மகளைக் கல்லூரியில் படிக்கவைக்கிறார். மற்றொருவர் இரு முறை விட்டு, இரு முறை மீண்டும் விழுந்து, கல்லீரல் கெட்டு இறந்தார். எல்லாரும் எழுந்தார்கள் என்று சொன்னால் அது பொய். விழுந்தவனிடமும் எழுந்தவனிடமும் நர்ஸம்மா ஒரே முகத்தோடு பேசினார்.

இன்று நாம் அறிந்திருப்பது என்ன? சுத்தமான ஊசி கொடுப்பதால் எச்.ஐ.வி. பரவுவது குறைகிறது என்றும், அதனால் போதைப் பழக்கம் கூடியதற்குச் சான்று இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறியது. நமது பாராளுமன்றம் 2017-இல் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், நோய் பரவுவதைக் குறைக்கும் இத்தகைய பணியைச் செய்கிறவர்கள்மீது குற்றம் சுமத்தக்கூடாது என்று பாதுகாப்பு அளித்தது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது நர்ஸம்மா முழங்கால் வலியால் வீட்டோடு இருந்தார். செய்தியைச் சொன்னபோது, "அப்போ இத்தனை வருஷம் நான் குற்றவாளியா?" என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த ஆண்டு, 2019-இல், ஆண்டவரில் இளைப்பாறினார். அடக்கத் திருப்பலியில் கடைசி இரண்டு வரிசைகளில் அமர்ந்திருந்தவர்கள் யார் என்று பலர் வியந்து கேட்டார்கள். அவர்கள் எல்லாரும் அவர் கையால் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள்.

அன்பார்ந்தவர்களே, நல்ல சமாரியன் உவமையைச் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம். வழியில் கிடந்தவன் ஏன் அந்த நேரத்தில் அந்த வழியே போனான் என்று சமாரியன் விசாரிக்கவில்லை. முதலில் காயத்தைக் கட்டினான்; பிறகு சத்திரத்தில் சேர்த்தான்; செலவுக்கும் பொறுப்பேற்றான். நமது நர்ஸம்மாவும் காரியங்களை அந்த வரிசையிலேயே செய்தார். நாமோ பெரும்பாலும் விசாரணையை முதலில் வைக்கிறோம்; அது முடிவதற்குள் காயம் புரையோடிவிடுகிறது.

அவரிடம் நாம் கற்கத்தக்கவை மூன்று. முதலாவது, நோயாளியை அவன் நிற்கும் இடத்திற்கே சென்று சந்திப்பது. இரண்டாவது, ஒருவன் இன்று எடுத்து வைக்கும் சிறிய அடியையும் மதிப்பது. நேற்று ஊசியைப் பகிர்ந்தவன் இன்று பகிரவில்லை என்றால் அதுவும் ஓர் அடியே. மூன்றாவது, தம்மோடு ஒத்துப்போகாதவர்களையும் பகைக்காமல், அவர்களால் கொடுக்க முடிந்ததை வாங்கிக்கொள்வது. இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொன்விழா நினைவாக நமது வளாகத்தில் புதிய மண்டபம் எழும்புகிறது. மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சாமான் அறை அவர் நடமாட முடியாமல் போன நாளிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. புண்கள் இன்னும் இருக்கின்றன. பழைய ஊசிக்குப் பதிலாக இன்று இளைஞர்களிடையே வலி மாத்திரைகளைக் கரைத்து ஏற்றும் பழக்கம் இருக்கிறது. நமது பங்கில் செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆறேழு பேர் உள்ளார்கள். வாரத்தில் ஒரு காலை, ஒருவர் மாற்றி ஒருவர் வந்தால் அந்தக் கதவைத் திறக்கலாம். சலைனும் பஞ்சும் மருந்தும் வாங்கும் செலவை வின்சென்ட் தே பவுல் சபை ஏற்கும் என்று சபையின் சார்பில் இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன். பழைய வேட்டி, சேலைகளைத் துவைத்துக் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் திருப்பலிக்குப் பின் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

கல்வெட்டில் பெயர் வேண்டாம் என்று சொன்னவருக்கு அந்தத் திறந்த கதவே நாம் செலுத்தும் நன்றியாகட்டும். அவருடைய ஆன்மாவும், அவர் கையால் கழுவப்பட்டு நமக்கு முன் சென்றுவிட்ட அனைவருடைய ஆன்மாக்களும் இறைவனில் நித்திய இளைப்பாற்றி அடைவதாக.

 இயேசுவுக்கே புகழ்! மரியாயே வாழ்க!